முன்பதிவுக் கொப்பி எமது கையில் இருக்கட்டும்

வெங்காயம் வைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கிணற்றில் நீர் இறைப்பது நாம், களை பிடுங்குவது நாம், இரவில் காவல் இருப்பதும் நாம். ஆனால் மூடை சந்தைக்குப் போன பிறகு விலையைச் சொல்வது வேறொருவர். அவர் முதலில் கழிவு என்று சில கிலோவை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கணக்கையே தொடங்குகிறார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கேனும் மிஞ்சாது என்று எமது முன்னோர் சொல்லி வைத்ததற்குக் காரணம் மழையும் பூச்சியும் மட்டுமல்ல.

இப்போது எமது கிராமங்களில் இன்னொரு பயிர் தலைகாட்டியிருக்கிறது. அது வாடகை அறை. மீள்குடியேறிய குடும்பங்கள் சில, வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் உதவியோடு வீட்டைத் திருத்தும்போது ஒன்றிரண்டு அறைகளைக் கூடுதலாகக் கட்டியுள்ளன. சிலர் வளவின் மூலையில் ஓலையாலோ ஓட்டாலோ வேய்ந்த சிறு வீடொன்றை எழுப்பியுள்ளனர். ஊர் பார்க்க வருபவர்களுக்கு அதை நாள் வாடகைக்குக் கொடுக்கின்றனர். இது பற்றிப் பலரும் என்னிடம் கேட்பது, எவ்வளவு செலவாகும், எவ்வளவு கிடைக்கும் என்பதுதான். யார் வருவது, எப்போது வருவது என்பதைத் தீர்மானிக்கப் போவது யார் என்று கேட்பவர்கள் குறைவு. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

வருபவர்கள் யார்?

2009இல் போர் முடிந்த பின் ஏ9 வீதி வழியாகத் தென்பகுதி மக்கள் பெருந்தொகையாக வடக்கிற்கு வந்தார்கள். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023இல் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. ஆடி, ஆவணி மாதங்களில் கனடா, பிரான்ஸ், சுவிஸ், இலண்டன் என்று எல்லா இடத்திலிருந்தும் எமது உறவுகள் பள்ளி விடுமுறையோடு வருகிறார்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களிலும் யாழ்ப்பாணத்தில் அறை தேடுவது கடினம். ஆவணி 15ஐ ஒட்டி மடுவுக்குப் போகும் பாதையெங்கும் அதே நிலை. மன்னாருக்கு மாரியில் பறவை பார்க்க வருகிறார்கள். பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் சித்திரை வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வருகிறார்கள். ஆகவே விருந்தினர் இருக்கிறார்கள். அதில் ஐயமில்லை.

ஆனால் இந்தப் பயிரும் வானம் பார்த்த பயிர்தான் என்பதை மறக்கக் கூடாது. 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் கட்டில்கள் வெறுமையாயின. அடுத்து வந்தது கொரோனா. 2021 முழுவதற்கும் வந்தவர்கள் இரண்டு இலட்சம்கூட இல்லை. 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல் தொகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 கார்த்திகையில் டித்வா புயல் அடித்தது. எனவே தோட்டத்தை விட்டுவிட்டு அறையை நம்புங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கடன் எடுத்து அறை கட்டுங்கள் என்றும் சொல்லமாட்டேன். நுண்கடன் வாங்கி எமது பெண்கள் பட்ட பாடு போதும். இருக்கிற அறையை, இருக்கிற வளவை வைத்துச் செய்யக்கூடியவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

ஒரு தாய் சொன்னது

வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்து, இருபது வருடங்களுக்கு மேல் முகாமிலும் உறவினர் வளவிலும் இருந்து, பின்னர் தமது காணிக்குத் திரும்பிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளையும் நகரத்து முகவர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். இணையத்தில் படம் போடுவது, ஆட்களைச் சேர்ப்பது, பணம் வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. மாத முடிவில் ஒரு தொகை தருவார். முதல் மூன்று மாதம் நன்றாகவே போனது.

நான் அங்கு சென்ற நாளில் முன் விறாந்தையில் முன்பின் தெரியாத இளைஞர்கள் எட்டுப் பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் பின்குசினியில் விளக்கோடு இருந்தாள். தாய் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று சொன்னார்: "பாதர், உவையளை நான் வரச் சொல்லேல்லை. நாளைக்கு ஆர் வருகினம் எண்டும் எனக்குத் தெரியாது. வாசலிலை வான் வந்து நிண்டாப் பிறகுதான் தெரியும்."

இந்தச் சொற்கள் என்னை மிகவும் யோசிக்க வைத்தன. எமது வீட்டில் யார் இருப்பது என்பதைத் தீர்மானிக்க முடியாமல் நாம் இருந்த காலம் ஒன்றுண்டு. பூட்டிவிட்டு ஓடிய வீட்டில் யார் படுத்தார்கள், யார் கதவைக் கழற்றினார்கள் என்று எமக்குத் தெரியாது. அப்படியிருந்து திரும்பி வந்த குடும்பம், தன் விருப்பத்தோடேயே அந்த உரிமையை மீண்டும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறது. இம்முறை பறித்தவர் எவருமில்லை. ஒரு கொப்பியை வைத்திருக்கும் வேலை சிரமமாகத் தோன்றியது, அதனால் கொடுத்துவிட்டார்கள்.

தரகர் எடுப்பது வீதம் மட்டுமல்ல

தரகர்கள் மூன்று விதம். ஆளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் பங்கு கேட்கும் ஓட்டோக்காரர் அல்லது வழிகாட்டி ஒரு விதம். வீட்டையே மாத, வருடக் கணக்கில் எடுத்து நடத்தும் முகவர் இரண்டாவது. இணையத்தளங்கள் மூன்றாவது. 1996இல் நெதர்லாந்தில் தொடங்கிய புக்கிங் டொட் கொம், 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏயார்பிஎன்பி ஆகியவை உலகெங்கும் தெரிந்த பெயர்கள். இவர்களை நான் கள்வர் என்று சொல்லவில்லை. பாரிஸில் இருப்பவர் எமது ஒழுங்கையில் அறை இருக்கிறது என்பதை எப்படி அறிவார்? அவர்கள் அறிவிக்கிறார்கள். அதற்குக் கூலி எடுக்கிறார்கள். பொதுவாக வாடகையில் 15 வீதம் என்று வைத்துக்கொள்ளலாம். சில தளங்கள் வீட்டுக்காரரிடம் குறைவாக எடுத்து, விருந்தினரிடம் கூடுதலாக எடுப்பதும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். அறை ஓர் இரவுக்கு 5,000 ரூபா என்றால் 15 வீதம் 750 ரூபா. வருடத்தில் 100 இரவுகள் ஆள் வந்தால் 75,000 ரூபா. புதிய முகங்களைக் கொண்டுவருவதற்கு இந்தச் செலவு ஏற்கக்கூடியதாக இருக்கலாம். ஆனால் சென்ற வருடம் வந்து தங்கிப் பிட்டும் சம்பலும் சாப்பிட்டு, உங்களை அக்கா, அண்ணை என்று அழைத்துப் போன குடும்பம் இந்த வருடமும் அதே வழியால் வந்து, அதே கூலியை மீண்டும் கொடுக்க வேண்டுமா? அவர்களது தொலைபேசி இலக்கம் உங்கள் கொப்பியில் இருந்திருந்தால் அந்தச் செலவே இல்லை.

ஆயினும் பணம் இதில் சிறிய பகுதி. பெரிய பகுதி, "இல்லை" என்று சொல்லும் உரிமை. அரிவி வெட்டும் கிழமையில் இல்லை. பிள்ளைக்குப் பரீட்சை, இல்லை. பக்கத்து வளவில் செத்தவீடு, இந்த எட்டு நாளும் இல்லை. பத்து ஆண்கள் மட்டும் வருகிறார்களா, மன்னிக்கவும், எமது வீட்டில் குமர்ப் பிள்ளைகள் உண்டு, இல்லை. முன்பதிவு யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் இவற்றைச் சொல்ல முடியும். வீதத்துக்காக வேலை செய்பவர் எந்த நாளிலும் "ஓம்" என்றே சொல்வார். அவரது வருமானம் அதில் இருக்கிறது.

நான் செய்த பிழை

அறிவுரை சொல்பவன் தன் பிழையையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் கடற்கரைக் கிராமம் ஒன்றில் எமது குழுவினர் பராமரித்த இரண்டு அறை வீடொன்றின் பதிவுகளை நானே பார்த்துக்கொண்டேன். மேசையில் நாட்குறிப்பு இருந்தது. ஆனால் ஒருநாள் பயணத்தில் இருந்தபோது தொலைபேசியில் வந்த பதிவை ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை தோய்க்கப் போனது. அதே நாளை, நாட்குறிப்பு வெறுமையாக இருக்கிறதே என்று இன்னொரு குழுவுக்கும் கொடுத்துவிட்டேன்.

குறித்த நாளில் பிற்பகலிலேயே குருநாகலிலிருந்து ஆசிரியர் குழு வந்து அறைகளில் இறங்கிவிட்டது. இரவு ஒன்பது மணிக்குக் கனடாவிலிருந்து வந்த குடும்பம் வாசலில் நின்றது. அதில் ஒரு வயதான அம்மா. அந்தக் கிராமத்திலேயே பிறந்து, வாழ்ந்து, ஓடியவர். நீண்ட காலத்துக்குப் பின் முதல் தடவையாக வந்திருந்தார். அயல்வீட்டில் பாயும் தலையணையும் கேட்டு அவருக்குப் படுக்கை ஒழுங்கு செய்தோம். அவர் கோபப்படவில்லை. "எங்கடை ஊரிலையே எங்களுக்குப் படுக்க இடமில்லாமல் போச்சு" என்று மட்டும் சொன்னார். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பிழைக்குக் காரணம் கவலையீனம் மட்டுமல்ல. இரண்டு இடத்தில் எழுதியதுதான் காரணம். ஆகவே நான் கற்றுக்கொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரு வீட்டுக்கு ஒரு கொப்பி, ஒரு பொறுப்பாளர். எண்பது பக்கக் கொப்பி போதும். தந்தையோ தாயோ மகளோ, ஒருவர் மட்டும் "ஓம்" சொல்லட்டும். மற்றவர்கள் அழைப்பு வந்தால், "பொறுங்கோ, கொப்பி பார்த்துச் சொல்லுறம்" என்று சொல்லப் பழக வேண்டும். கொப்பியில் எழுதும் வரை எந்தப் பதிவும் பதிவு அல்ல.

இரண்டாவது, வருடத் தொடக்கத்தில் முதலில் உங்கள் நாட்களைக் குறியுங்கள். விதைப்பு, அரிவி வெட்டு, வெங்காயம் கிண்டும் கிழமை, பிள்ளைகளின் பரீட்சை, கோயில் திருவிழா, வீட்டின் ஆண்டுத் திவசம். இவற்றுக்குச் சிவப்புக் கோடு. மிச்சம் உள்ள நாட்களே விருந்தினருக்கு. காலபோக அறுவடையும் நல்லூர்த் திருவிழாவும் ஒரே காலத்தில் வருவதில்லை என்பது எமக்கு வாய்ப்பான விடயம். சிறுபோகம் செய்பவர்கள் மட்டும் ஆடி, ஆவணியில் இருமுறை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, இரவுகளை எண்ணுங்கள். 10ஆம் திகதி வந்து 12ஆம் திகதி போகிறவருக்கு இரண்டு இரவுகள். 12ஆம் திகதி இரவு அறை வெறுமை. இதை நாள் கணக்கில் எழுதுபவர்கள் ஒன்றில் ஓர் இரவை இழக்கிறார்கள், அல்லது இருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காலை எத்தனை மணிக்குப் போக வேண்டும், பின்னேரம் எத்தனை மணிக்கு வரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இடையில் விரிப்பு மாற்றவும் கூட்டவும் உங்களுக்கு நேரம் வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு பதிவுக்கும் இவற்றை எழுதுங்கள்: வரும் திகதி, போகும் திகதி, பெயர், ஆண், பெண், பிள்ளைகள் எத்தனை, தொலைபேசி இலக்கம், பேசிய தொகை, முற்பணம், மிச்சம், சாப்பாடு வேண்டுமா. வந்து இறங்கியதும் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம். "எத்தனை பேர்?" என்ற கேள்வியை முதலிலேயே கேட்டால் நாலு பேர் என்று சொல்லி எட்டுப் பேர் வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஐந்தாவது, முற்பணம் வாங்குங்கள். ஓர் இரவின் வாடகை நியாயமானது. வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், வந்ததும் பற்றுச்சீட்டோ குறுஞ்செய்தியோ கொடுங்கள். வராமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பணம் வாங்கும் முன்னரே சொல்லுங்கள். ஒரு கிழமைக்கு முன் அறிவித்தால் திருப்பித் தருவோம், அதன் பின் தரமாட்டோம் என்பதுபோல ஏதாவது ஒரு விதி இருக்கட்டும். விதி கடுமையா இளக்கமா என்பதைவிட, அது முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதே முக்கியம். வருவதற்கு முதல் நாள் நீங்களே அழைத்து, "நாளைக்கு வாறியள்தானே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது, இணையத்தளத்தில் சேர்வதென்றால் சேருங்கள். ஆனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் தொலைபேசி இலக்கத்தில், உங்கள் வங்கிக் கணக்கோடு இருக்க வேண்டும். மகன் திறந்து கொடுத்துவிட்டுக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போன பின் கடவுச்சொல் தெரியாமல் திண்டாடும் வீடுகள் உண்டு. கடவுச்சொல்லையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொப்பியைப் பெட்டகத்தில் வையுங்கள். தொலைபேசியில் ஒரு நாளைக் கொடுத்தால் அந்த நிமிடமே தளத்திலும் அந்த நாளை மூடுங்கள். இரண்டு தளங்களின் நாட்காட்டிகளை இணைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் ஒன்றில் மாறியது மற்றதில் தெரிய நேரம் எடுக்கும். திருவிழாக் காலத்தில் அந்த இடைவெளியே இரட்டைப் பதிவுக்குப் போதும்.

இங்கே நேர்மை பற்றியும் ஒரு வார்த்தை. தளத்தின் வழியாக வந்த பதிவை, கூலியை மிச்சம் பிடிப்பதற்காக இடைநடுவில் வெளியே இழுக்காதீர்கள். அது அவர்களுடைய விதிக்கு மாறானது. எமது பெயருக்கும் கூடாது. அந்த வருகை அவர்கள் தந்தது, அதற்குக் கூலி கொடுத்து முடியுங்கள். போகும்போது உங்கள் இலக்கம் எழுதிய சிறு அட்டையைக் கொடுத்து, அடுத்த முறை நேரே அழைக்கச் சொல்லுங்கள். அந்த அடுத்த முறை உங்களுடைய உழைப்பின் பலன்.

ஏழாவது, சட்டத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தனி வகையாகப் பதிவு செய்கிறது. பிரதேச சபையிலும் விசாரியுங்கள். அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்கள் கட்டுவதற்கு முன் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். காணி விடயத்தில் நாம் ஏற்கெனவே போதிய அளவு துன்பப்பட்டுவிட்டோம்.

"எங்களுக்கு ஏலாது" என்பவர்களுக்கு

ஆங்கிலம் தெரியாது, பகலெல்லாம் தோட்டத்தில் நிற்கிறோம், தொலைபேசி எடுக்க ஆளில்லை என்று சிலர் சொல்வார்கள். இது உண்மையான இடர்ப்பாடு. ஆனால் இதற்கு மருந்து முகவர் மட்டுமல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் விவசாயிகள் நிலத்தை விட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீடுகள் வெறுமையாகிக் கூரைகள் விழுந்தன. மறுபக்கம் நகரத் தொழிலாளருக்கு 1936 முதல் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது, ஆனால் விடுதிக்குக் கொடுக்க வசதியில்லை. தென்கிழக்கின் மலைப் பகுதியில் எமில் ஓபேர் என்ற செனற் உறுப்பினர் இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தார். 1951இல் முதல் கிராம வீடு திருத்தப்பட்டு விடுமுறைக்காரருக்குக் கொடுக்கப்பட்டது. 1955இல் அத்தகைய வீட்டுக்காரர்கள் சேர்ந்து தேசிய சம்மேளனம் ஒன்றை அமைத்தார்கள். 'ஜீத் து பிரான்ஸ்' என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுப்பதுபோல இவர்கள் வீடுகளுக்குத் தானியக் கதிர் கொடுத்தார்கள். ஒரு கதிர் எளிய வீடு, ஐந்து கதிர் மிக வசதியான வீடு. பிரான்ஸில் இருக்கும் உங்கள் உறவினரைக் கேட்டால் வீதியோரத்தில் அந்தப் பலகையைக் கண்டதாகச் சொல்லக்கூடும்.

அங்கே பதிவுக்கு இரண்டு வழி வைத்தார்கள். இயன்றவர் தாமே அழைப்பை எடுத்துத் தாமே எழுதினார். இயலாதவருக்கு மாவட்டச் சங்கத்தின் அலுவலகம் எழுதியது. அதற்கும் கூலி உண்டு. ஆனால் சங்கம் வீட்டுக்காரருடையது. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம், நிர்வாகத்தை மாற்றலாம்.

இதை எமது கிராமத்திலும் செய்யலாம். எட்டுப் பத்து வீடுகள் சேருங்கள். கூட்டுறவுச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் நடத்திப் பழகிய மக்கள் நாம். கணக்குப் படித்து வேலையின்றி இருக்கும் பிள்ளை ஒருவருக்குச் சிறு சம்பளம் கொடுத்து ஒரு தொலைபேசியையும் ஒரு பெரிய கொப்பியையும் ஒப்படையுங்கள். அவருக்கு மூன்று மொழி தெரிந்தால் நல்லது. ஒரு வீட்டில் இடமில்லையென்றால் அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டின் சிவப்புக் கோட்டையும் அவர் மதிக்க வேண்டும். மாத முடிவில் கொப்பியை எல்லோர் முன்னிலையிலும் திறந்து வாசிக்க வேண்டும். முறை வைத்து ஆள் அனுப்புகிறாரா, தன் மாமியார் வீட்டுக்கே அனுப்புகிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும். இந்த வாசிப்பை விட்டுவிட்டால், சங்கமும் நாளடைவில் இன்னொரு தரகராக மாறிவிடும்.

முடிவாக

முன் சொன்ன அந்தத் தாய் முகவரோடு செய்த உடன்பாடு முடிந்ததும் அதைப் புதுப்பிக்கவில்லை. இப்போது ஓர் அறையை மட்டும் கொடுக்கிறார். மற்றையது மகளின் படிப்பறை. ஆட்கள் குறைவு, கையில் மிஞ்சுவது முன்னையதைவிடச் சற்றே குறைவு என்று அவரே சொன்னார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அடுத்த கிழமை யார் வருகிறார்கள் என்று கேட்டேன். குசினித் தட்டிலிருந்து கொப்பியை எடுத்து வந்து காட்டினார். வெள்ளி, சனி, ஞாயிறுக்கு ஒரு குடும்பம், பிள்ளைகள் இரண்டு, மரக்கறிச் சாப்பாடு. திங்கள் முதல் சிவப்புக் கோடு. வெங்காயம் கிண்டுகிறார்கள்.

உங்கள் வீட்டில் இன்னும் அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டுவதற்கு முன் இதை வீட்டில் இருந்து பேசுங்கள். கொப்பி யாரிடம் இருக்கும், யார் ஓம் சொல்வார், எந்த நாட்களில் இல்லை என்று சொல்வோம் என்பதை முடிவு செய்துவிட்டு மேசனைக் கூப்பிடுங்கள்.